போயிங்கும் ஏர்பஸ்ஸும்: விமானத் தயாரிப்புப் போட்டியின் பொருளாதார விளைவுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

150 இருக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட ஜெட் பயணிகள் விமானங்களின் உலகச் சந்தை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ் ஆகிய இரு நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. இந்தப் போட்டியால் யாருக்கு ஆதாயம், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இவ்வளவு பெரிய சந்தையில் ஏன் இரண்டே நிறுவனங்கள்?

புதிய விமானம் ஒன்றை வடிவமைத்துச் சான்றிதழ் பெற்றுச் சந்தைக்குக் கொண்டுவர ஏழெட்டு ஆண்டுகளும் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டும் முதலீடும் தேவைப்படுகின்றன. அந்தப் பணம் திரும்பி வர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இடையில் ஒரு பொருளாதார மந்தமோ எரிபொருள் விலையேற்றமோ வந்தால் கணக்கு முழுவதும் புரண்டுவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே வகை விமானத்தைத் தொடர்ந்து கட்டும்போது தொழிலாளர்களின் கை பழகப் பழக ஒவ்வொரு விமானத்துக்கும் ஆகும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே போகிறது. அமெரிக்கப் பொறியாளர் டி.பி. ரைட் 1936இலேயே இதை அளந்து காட்டினார்: மொத்த உற்பத்தி எண்ணிக்கை இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் உழைப்புச் செலவு ஏறத்தாழ 20 விழுக்காடு இறங்குகிறது. எனவே, முதல் சில நூறு விமானங்களை விற்று முடித்தவர், புதிதாக நுழைபவரால் எட்ட முடியாத செலவு மட்டத்துக்குப் போய்விடுகிறார். அந்த முதல் நூறு விமானங்களை நட்டத்துக்கு விற்றாவது சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் இத்தொழிலில் எல்லாரையும் ஆட்டிவைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் அதிக நிறுவனங்கள் இருந்த காலத்தில் போட்டி நன்றாக இருந்ததா?

வாங்குபவர்களுக்கு நன்றாகவே இருந்தது, விற்றவர்களுக்கு இல்லை. 1970ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு விமானங்கள் முதன்முதலாகப் பறந்தன: மெக்டொனல் டக்ளஸ் தயாரித்த டிசி-10, லாக்ஹீட் தயாரித்த எல்-1011 டிரைஸ்டார். இரண்டுக்கும் மூன்று எஞ்சின்கள், ஏறக்குறைய ஒரே கொள்ளளவு, ஒரே வழித்தடங்கள், ஒரே வாடிக்கையாளர்கள். ஒரு விமானத்துக்கு மட்டுமே இடம் இருந்த சந்தையில் இரண்டு நுழைந்தன.

டிரைஸ்டாருக்கு எஞ்சின் செய்த ரோல்ஸ் ராய்ஸ், அந்த எஞ்சினின் மேம்பாட்டுச் செலவைத் தாங்க முடியாமல் 1971 பிப்ரவரியில் திவாலானது. பிரிட்டிஷ் அரசு அதை நாட்டுடைமையாக்கியது. அதே ஆண்டில் லாக்ஹீட் நிறுவனத்தைக் காப்பாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. செனட் சபையில் அந்த மசோதா 49க்கு 48 என்ற ஒற்றை வாக்கு வேறுபாட்டில்தான் தப்பியது. இவ்வளவுக்குப் பிறகும் கட்டப்பட்ட டிரைஸ்டார்கள் 250 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டதையும், இடையில் உற்பத்தியைக் குறைத்தபோது தொழிலாளர்கள் பெற்றிருந்த பழக்கம் விட்டுப்போய் ஒரு விமானத்துக்கான செலவு மீண்டும் ஏறியதையும் பின்னாளில் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். லாக்ஹீட் 1981இல் பயணிகள் விமானத் தொழிலிலிருந்து விலக முடிவு செய்தது. மெக்டொனல் டக்ளஸ் தள்ளாடித் தள்ளாடி 1997இல் போயிங்குடன் இணைந்தது.

ஏர்பஸ் வந்ததால் விமானங்களின் விலை குறைந்ததா?

குறைந்தது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். பல ஆண்டுகள் இரு நிறுவனங்களும் வெளியிட்டு வந்த விலைப்பட்டியல் வெறும் சம்பிரதாயம். அதில் பாதி விலைக்கோ அதற்கும் கீழோ விற்பனை முடிவது இத்தொழிலில் சாதாரணம். உண்மையான விலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இருந்தாலும் நிகழ்வுகளே பேசும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டு முயற்சியாக 1970இல் உருவான ஏர்பஸ், தன் முதல் விமானமான ஏ300ஐ அமெரிக்காவில் விற்க முடியாமல் திணறியது. 1977இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கு நான்கு விமானங்களை ஆறு மாதம் வாடகையின்றி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. எரிபொருள் செலவைக் கண்ட ஈஸ்டர்ன் அடுத்த ஆண்டே 23 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. போயிங்கின் சொந்த மண்ணிலேயே ஏர்பஸ்ஸுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

2002 அக்டோபரில் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அதுவரை போயிங் 737 மட்டுமே ஓட்டிவந்த ஈஸிஜெட், 120 ஏ319 விமானங்களை ஏர்பஸ்ஸிடம் வாங்க முடிவு செய்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலகம் முழுவதும் ஆர்டர்கள் வற்றிப்போயிருந்த நேரம் அது. தொழிற்சாலையைத் தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்ற கட்டாயம் இரு தயாரிப்பாளர்களுக்கும் இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ரயன்ஏர் போயிங்கிடம் நூறு விமானங்களை வாங்கியதும் இதே சூழலில்தான். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் ஐரோப்பாவில் விரிந்து பரவியதற்கு அந்த ஆண்டில் கிடைத்த விலைகளும் ஒரு காரணம்.

போட்டி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது, எதிராளியின் தொழிற்சாலையில் காலியான டெலிவரி ஸ்லாட், அதாவது குறிப்பிட்ட காலத்தில் விமானத்தைக் கட்டித் தருவதற்கான இடம், இருக்கிறதா என்பதைப் பொறுத்ததே தவிர, சந்தையில் எத்தனை பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன என்பதைப் பொறுத்ததல்ல. 2002இல் இருவரிடமும் இடம் இருந்தது, விலை சரிந்தது. இன்று நிலைமை வேறு.

விமான நிறுவனங்கள் விலை குறைவான பக்கம் எளிதாகத் தாவிவிட முடியுமா?

முடியாது. விமானி உரிமம் விமான வகையைச் சார்ந்தது. போயிங் 737 ஓட்டுபவர் ஏர்பஸ் ஏ320 ஓட்ட வேண்டுமானால் பல வாரப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த வாரங்களில் அவருக்குச் சம்பளம் உண்டு, அவரால் வருவாய் இல்லை. இதோடு விமானிகளுக்குத் தரையிலேயே பயிற்சி தரும் சிமுலேட்டர்கள், பராமரிப்புப் பொறியாளர்களின் சான்றிதழ்கள், கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் உதிரிபாகங்கள் எல்லாம் மாற வேண்டும். ஒரே வகை விமானங்களை வைத்திருப்பதில் கிடைக்கும் சிக்கனத்தையே அடித்தளமாகக் கொண்ட நிறுவனங்களுக்கு இந்த மாற்றச் செலவு மிகப் பெரிது.

இந்தப் பிடிப்பைத் தயாரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள். 1996, 1997ஆம் ஆண்டுகளில் அமெரிக்கன், டெல்டா, கான்டினென்டல் ஆகிய மூன்று நிறுவனங்களுடன் இருபது ஆண்டுகளுக்குத் தன்னிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று போயிங் ஒப்பந்தம் செய்துகொண்டது. மெக்டொனல் டக்ளஸுடன் இணைய ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்பட்டபோது, இந்தப் பிரத்தியேக உரிமையை நடைமுறைப்படுத்துவதில்லை என்று போயிங் உறுதி தர வேண்டியிருந்தது. தனிப்பட்ட கருத்தாகச் சொன்னால், விமானத் தொழிலில் போட்டிச் சட்டம் உருப்படியாகச் செய்த வேலைகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

பேரம் விலையோடு முடிந்துவிடுகிறதா?

இல்லை. முன்பணம் எவ்வளவு, எந்தெந்தத் தவணையில் என்பது ஒரு பேரம். ஒப்பந்தத்துக்கும் டெலிவரிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கூலியும் மூலப்பொருள் விலையும் உயர்ந்தால் விலையை எந்த அளவுக்கு உயர்த்தலாம் என்பது இன்னொன்று. பழைய விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது, எரிபொருள் செலவுக்கு உத்தரவாதம் தருவது, பயிற்சியை இலவசமாகத் தருவது, நிதி ஏற்பாடு செய்வது என்று பட்டியல் நீளும். 2011 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரே நாளில் ஏர்பஸ்ஸிடம் 260, போயிங்கிடம் 200 விமானங்களை வாங்குவதாக அறிவித்தபோது, தயாரிப்பாளர்களே குத்தகை வழியில் சுமார் 1,300 கோடி டாலர் நிதிக்கு உறுதியளித்திருந்தார்கள். கடனில் தத்தளித்த அந்த விமான நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது.

இந்தத் தள்ளுபடிகள் பயணியின் டிக்கெட் விலையில் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும், அதுவும் சுற்றி வளைத்துத்தான் வரும். விமான நிறுவனங்களுக்கிடையே உள்ள போட்டி தயாரிப்பாளர்களுக்கிடையே உள்ள போட்டியைவிடப் பல மடங்கு கடுமையானது. ஆகவே விமானத்தை மலிவாக வாங்கியதால் கிடைத்த ஆதாயத்தை நெடுநாள் கையில் வைத்துக்கொள்ள அவற்றால் இயல்வதில்லை.

ஆனால் பயணிக்குக் கிடைத்த பெரிய நன்மை கொள்முதல் விலையால் வந்ததன்று, எரிபொருள் சிக்கனத்தால் வந்தது. விமான நிறுவனத்தின் செலவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரிபொருளுக்கே போகிறது. ஏ320நியோ, 737 மேக்ஸ் போன்ற புதிய தலைமுறை விமானங்கள் முந்தைய தலைமுறையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக எரிபொருள் குடிக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் பறக்கப்போகும் விமானத்தில் இந்தச் சேமிப்பு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரு தரப்புக்கும் அரசு உதவி கிடைத்ததா? அந்த வழக்கு என்ன ஆயிற்று?

இரு தரப்புக்கும் கிடைத்தது, வடிவம்தான் வேறு. ஏர்பஸ்ஸுக்கு பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அரசுகள் புதிய விமானம் தொடங்கும்போது சலுகைக் கடன் தந்தன. விற்பனையாகும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தொகை வீதம் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். விமானம் விற்காவிட்டால் கடனும் திரும்பாது. அதாவது தோல்வியின் இழப்பில் ஒரு பங்கை வரி செலுத்துவோர் ஏற்றுக்கொள்கிறார்கள். போயிங்குக்கோ நாசாவும் பாதுகாப்புத் துறையும் தந்த ஆராய்ச்சி ஒப்பந்தங்கள், மாநில அரசுகளின் வரிச்சலுகைகள் என்று பல வழிகளில் உதவி போய்ச் சேர்ந்தது. வாஷிங்டன் மாநிலம் 2013இல் நீட்டித்துத் தந்த வரிச்சலுகையின் மதிப்பு மட்டும் சுமார் 870 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

1980களில் பொருளியல் அறிஞர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதிப் பார்த்தார்கள். ஒருவருக்கு மட்டுமே இலாபம் தரும் சந்தையில் இருவரும் நுழைந்தால் இருவருக்கும் நட்டம். ஐரோப்பா முன்கூட்டியே உதவித்தொகை அறிவித்துவிட்டால், ஏர்பஸ் எப்படியும் நுழையும் என்று தெரிந்து போயிங் ஒதுங்கிக்கொள்ளும். உதவித்தொகையைவிடப் பெரிய இலாபம் ஐரோப்பாவுக்குக் கிடைக்கும். தாளில் அழகான கணக்குதான். நடைமுறையில் யாரும் ஒதுங்கவில்லை என்பதுதான் அதன் குறை.

1992இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புதிய விமானத்தின் மேம்பாட்டுச் செலவில் நேரடி அரசு உதவி 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் வரம்பு விதிக்கப்பட்டது. உதவி குறைந்தால் விலை ஏற வேண்டுமல்லவா? டக்ளஸ் இர்வின், நீனா பாவ்ச்னிக் ஆகிய பொருளியலாளர்கள் அந்த உடன்பாட்டுக்குப் பிறகு விமான விலைகள் சுமார் 3.7 விழுக்காடு உயர்ந்ததாக மதிப்பிட்டார்கள். அதுவரை ஐரோப்பிய வரிப்பணத்தில் ஒரு பகுதி, உலகெங்கும் உள்ள விமான நிறுவனங்களுக்குத் தள்ளுபடியாகப் போய்க்கொண்டிருந்தது என்று இதைப் படிக்கலாம்.

2004 அக்டோபரில் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து விலகி உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பா உடனே எதிர்வழக்குப் போட்டது. இரண்டிலும் சட்டவிரோத உதவி தரப்பட்டதாகவே தீர்ப்பு வந்தது. 2019இல் ஆண்டுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது தண்டனை வரி விதிக்க அமெரிக்காவுக்கும், 2020இல் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு ஐரோப்பாவுக்கும் அனுமதி கிடைத்தது. ஏர்பஸ் விமானங்கள் மீது அமெரிக்கா முதலில் விதித்த வரி 10 விழுக்காடு. ஆனால் பாலாடைக்கட்டி, ஒயின், ஆலிவ், ஸ்காட்லாந்து விஸ்கி மீது 25 விழுக்காடு. விமானத்துக்கும் விஸ்கிக்கும் என்ன தொடர்பு என்று வடிசாலை முதலாளிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. பதினேழு ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு 2021 ஜூனில் இரு தரப்பும் ஐந்தாண்டுகளுக்கு வரிகளை நிறுத்தி வைத்தன.

போட்டி எப்போதும் நல்ல விமானங்களைத்தான் தருமா?

தருவதும் உண்டு, அவசரத்தைத் தருவதும் உண்டு. ஏர்பஸ் 2010 டிசம்பரில் ஏ320 விமானத்துக்குப் புதிய எஞ்சின் பொருத்தி நியோ என்ற பெயரில் விற்கப்போவதாக அறிவித்தபோது, போயிங் அப்போதும் முற்றிலும் புதிய விமானம் வடிவமைக்கும் யோசனையில் இருந்தது. மேலே சொன்ன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆர்டர் அந்த யோசனையைக் கலைத்தது. தன் கோட்டை என்று கருதிய வாடிக்கையாளர் கைநழுவுவதைக் கண்ட போயிங், 1960களில் பிறந்த 737க்கே புதிய எஞ்சின் பொருத்தி மேக்ஸ் என்று பெயரிட்டு 2011 ஆகஸ்டில் தொடங்கியது.

737 தரைக்கு மிக அருகில் நிற்கும் விமானம். பெரிய எஞ்சினைப் பொருத்த, அதை முன்னால் தள்ளி உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது. அதனால் மாறிய பறக்கும் இயல்பைச் சரிசெய்ய எம்கேஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. விமானிகளுக்குப் புதிய சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பது விற்பனையின் முக்கிய வாக்குறுதி. சவுத்வெஸ்ட் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், அத்தகைய பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் விலையைக் குறைப்பதாக போயிங் ஒப்புக்கொண்டிருந்தது. முன்பு பார்த்த மாற்றச் செலவு இங்கே ஒப்பந்த வரியாகவே எழுதப்பட்டுவிட்டது. பயிற்சி வேண்டும் என்று சொல்லக்கூடிய எந்தப் பொறியாளரின் எதிரிலும் அந்தத் தொகை நின்றது.

அந்த மென்பொருள் தவறாக இயங்கியதில், 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் என இரு மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன; அமெரிக்காவில் அந்தத் தடை 20 மாதம் நீடித்தது. போட்டிதான் இதற்குக் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பது பிழை. மேற்பார்வையில் இருந்த ஓட்டைகளும் நிர்வாகத்தின் முன்னுரிமைகளும் சேர்ந்தே இதைச் செய்தன. ஆனால் கால அட்டவணையை எதிராளி வகுத்தார் என்பதை மறுக்க முடியாது.

எதிராளியைத் தப்பாகக் கணித்த நேரங்கள் உண்டா?

ஏ380 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போயிங் 747க்கு எதிராளியே இல்லாததால் அதில் கிடைத்த கொழுத்த இலாபத்தைக் கொண்டு சிறிய விமானங்களில் போயிங் விலை குறைக்கிறது என்று ஏர்பஸ் நம்பியது. அந்த முற்றுரிமையை உடைக்கவே 2000 டிசம்பரில் இரண்டு அடுக்கு ஏ380 தொடங்கப்பட்டது. பெரிய நகரங்களுக்கிடையே கூட்டம் பெருகும் என்று ஏர்பஸ் கணித்தது. சிறிய நகரங்களை நேரடியாக இணைக்கும் நடுத்தர விமானமே தேவை என்று கருதிய போயிங் 787ஐத் தொடங்கியது.

இருவரும் அடி வாங்கினார்கள். ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் வெவ்வேறு பதிப்பு வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தியதால் ஏ380இன் மின்கம்பிகள் பொருத்தும் இடத்தில் நீளம் போதாமல் நின்றன; 2006இல் தாமத அறிவிப்பு வெளியான மறுநாள் ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனத்தின் பங்கு விலை நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 787இன் அறிமுக விழா 2007 ஜூலை 8 அன்று கோலாகலமாக நடந்தது. விழா மேடையில் நின்ற விமானமோ தற்காலிக ஆணிகளால் கோத்து நிறுத்தப்பட்ட கூடுதான். அது பயணிகளை ஏற்றியது 2011 அக்டோபரில். இறுதியில் ஏ380 மொத்தம் 251 மட்டுமே டெலிவரி செய்யப்பட்டு 2021இல் முடிவுக்கு வந்தது. 787 ஆயிரத்தைத் தாண்டி இன்னும் கட்டப்படுகிறது. 747இன் உற்பத்தியும் 2022 டிசம்பரோடு நின்றுபோனது. அந்த முற்றுரிமையை உடைத்தது ஏ380 அல்ல, இரட்டை எஞ்சின் விமானங்களே.

தொழிலாளர்களுக்கும் உதிரிபாக நிறுவனங்களுக்கும் என்ன விளைவு?

ஒரு நகரமே ஒரு தொழிற்சாலையை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1971இன் சியாட்டில் சாட்சி. சுமார் ஒரு லட்சமாக இருந்த போயிங் வேலைகள் நாற்பதாயிரத்துக்கும் கீழே போயின. கடைசியாக ஊரை விட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று ஊருக்கு வெளியே விளம்பரப் பலகை வைத்தார்கள். அதற்குப் போட்டியைவிட மந்தமும் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத் திட்டம் கைவிடப்பட்டதுமே காரணம். ஆனால் பின்னாளில் தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்ததில் போட்டிக்கு நேரடிப் பங்கு உண்டு. போயிங் 787 உற்பத்தியைத் தொழிற்சங்கம் வலுவற்ற தென் கரோலினாவுக்குக் கொண்டுபோனது. ஏர்பஸ்ஸோ சந்தைக்கு அருகில் இருக்கவும் அரசியல் ஆதரவைப் பெறவும் சீனாவின் தியான்ஜினிலும் அமெரிக்காவின் அலபாமாவிலும் அசெம்பிளி வரிசைகளைத் திறந்தது. 2024இல் சுமார் 33,000 போயிங் தொழிலாளர்கள் ஏழு வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்து நான்காண்டில் 38 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

உதிரிபாக நிறுவனங்கள் மீது இரு தயாரிப்பாளர்களும் விலையைக் குறைக்கச் சொல்லி ஓயாமல் அழுத்தம் கொடுத்தனர். போயிங் 2005இல் விற்றுவிட்ட விசிட்டா தொழிற்சாலைதான் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாகி 737இன் உடற்பகுதியைச் செய்துவந்தது. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில் பயன்படுத்தாத கதவு இடத்தை மூடியிருந்த தகடு நடுவானில் பெயர்ந்து விழுந்த பிறகு, அந்த நிறுவனத்தை சுமார் 470 கோடி டாலருக்குத் திரும்ப வாங்க போயிங் ஒப்புக்கொண்டது.

எஞ்சின் நிறுவனங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்ஸின் சாஃப்ரானும் சேர்ந்து நடத்தும் சி.எஃப்.எம். நிறுவனத்தின் லீப் எஞ்சின், 737 மேக்ஸுக்கு ஒரே தேர்வு, ஏ320நியோவுக்கு இரண்டு தேர்வுகளில் ஒன்று, சீனாவின் சி919க்கும் அதுவே. எந்தத் தயாரிப்பாளர் வென்றாலும் எஞ்சின் விற்பவருக்கு வருவாய் உண்டு.

மூன்றாவது நிறுவனம் வருமா?

வர முயன்றவர்களின் கதி ஊக்கம் தருவதாக இல்லை. கனடாவின் பொம்பார்டியே தயாரித்த சி-சீரிஸ் நல்ல விமானம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2016இல் டெல்டா 75 விமானங்களை வாங்கியதும் போயிங் புகார் செய்ய, அமெரிக்க வணிகத்துறை ஏறத்தாழ 292 விழுக்காடு வரியை நிர்ணயித்தது. வேறு வழியின்றி பொம்பார்டியே அந்தத் திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பணம் ஏதும் வாங்காமலே ஏர்பஸ்ஸிடம் ஒப்படைத்தது. பிறகு 2018 ஜனவரியில் போயிங்குக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வரியை ரத்து செய்தது. தொடுத்த வழக்கால் தன் முதன்மை எதிராளிக்கே ஒரு புத்தம்புது விமானத்தை போயிங் பரிசளித்ததுபோல் ஆயிற்று. இன்று அது ஏ220. ஜப்பானின் மிட்சுபிஷி தன் ஸ்பேஸ்ஜெட் திட்டத்தை 2023இல் கைவிட்டது.

சீனாவின் கோமாக் தயாரிக்கும் சி919 மட்டும் வேறு கதை. அது 2023 மே மாதத்தில் சைனா ஈஸ்டர்ன் நிறுவனத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. உள்நாட்டுச் சந்தையின் அளவும் அரசின் பொறுமையும் அதன் பலம். மேற்கத்திய எஞ்சினையும் கருவிகளையும் சார்ந்திருப்பது அதன் பலவீனம்.

ஒருவர் தடுமாறினால் மற்றவருக்கு முழு ஆதாயம் கிடைக்குமா?

பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2018இல் போயிங் 806, ஏர்பஸ் 800 விமானங்களை டெலிவரி செய்தன. 2024இல் போயிங் 348, ஏர்பஸ் 766. போயிங் இழந்த நானூற்றுச் சொச்சம் விமானங்கள் ஏர்பஸ்ஸின் கணக்கில் சேரவில்லை. ஏர்பஸ்ஸே தன் பழைய அளவை எட்டவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் எஞ்சின், இருக்கை, வார்ப்புப் பாகங்கள் எல்லாம் தட்டுப்பாடானதால் வேகமாகக் கட்ட முடியவில்லை. 2024 முடிவில் ஏர்பஸ்ஸிடம் நிலுவையில் இருந்த ஆர்டர்கள் 8,600க்கும் மேல். அந்த ஆண்டின் வேகத்தில் கட்டினால் முடிக்கப் பதினொரு ஆண்டுகள் ஆகும்.

போயிங்மீது வெறுப்படைந்த வாடிக்கையாளர் ஏர்பஸ்ஸிடம் போனால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். எனவே அவர் போகமாட்டார். ஏர்பஸ்ஸுக்கும் விலையைக் குறைக்கக் காரணமில்லை. 2002இல் ஈஸிஜெட் செய்ததை இன்று எவரும் செய்ய இயலாது. பழைய விமானங்களைக் கூடுதல் ஆண்டுகள் ஓட்ட வேண்டியிருப்பதால் எரிபொருளும் பராமரிப்பும் அதிகம் செலவாகின்றன. குத்தகை வாடகைகள் ஏறியுள்ளன. நல்ல ஸ்லாட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த குத்தகை நிறுவனங்களுக்கே, அதாவது விமானங்களை வாங்கி வாடகைக்கு விடுபவர்களுக்கே, இதில் கொண்டாட்டம்.

அப்படியானால் பிரம்மாண்ட ஆர்டர் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும்?

எண்ணிக்கையைவிட டெலிவரி ஆண்டைப் பாருங்கள். 2023 ஜூனில் இண்டிகோ ஏர்பஸ்ஸிடம் 500 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தபோது, ஒரே முறையில் செய்யப்பட்ட மிகப் பெரிய ஆர்டர் என்பதுதான் தலைப்புச் செய்தி. அவை 2030க்கும் 2035க்கும் இடையில் வரவேண்டியவை என்ற விவரம் செய்தியின் உள்ளே இருந்தது. அந்த நிறுவனம் வாங்கியது விமானங்கள் மட்டுமல்ல, வரிசையில் ஓர் இடமும்கூட. விலைப்பட்டியலை வைத்து மொத்த மதிப்பைப் பெருக்கிக் காட்டும் செய்திகளில் அந்தத் தொகையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உறுதியான ஆர்டரா, வேண்டுமானால் பின்னர் வாங்கிக்கொள்ளும் விருப்ப உரிமை மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். எந்த எஞ்சின் என்பது அந்த நாளில் அறிவிக்கப்படாமல் இருந்தால், இன்னொரு பேரம் இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று பொருள்.